கட்டைவிரல் சந்தனம்

கொட்டகையில் தீப்பிடித்ததற்கு என் திமிர்தான் காரணம் என்று லகாட் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம் என் மூத்தார். சொல்லட்டும். வாய் அவருடையது, கொட்டகை என்னுடையது. நடந்ததை நானும் சொல்கிறேன். கேட்டுவிட்டு யார் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள், எனக்கு ஒரு கவலையும் இல்லை.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன், உடையப்பன். லகாட்டில் கோயில் தலைவர். வீட்டில் சோறு கேட்பதைக்கூடத் தீர்மானம் வாசிக்கிற மாதிரிதான் கேட்பார். எண்பத்தாறாம் வருஷத்திலும் ஒரு பெண் தனியாக நின்று தொழில் செய்தால் ஊர் கவிழ்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள்.

நாங்கள் இருப்பது சுங்காய்க்கு உள்ளே, பழைய ரப்பர் தோட்டத்தில். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு துண்டு வாங்கினார்கள். அதோடு புகைக்கொட்டகையும் வந்தது. ரப்பர் பாலை உறைய வைத்து, மிஷினில் உருட்டி ஷீட்டாக்கி, கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துப் புகையில் காய வைக்கிற இடம் அது. நில கிராண்ட் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஆனால் அந்தக் கொட்டகையில் ஒரு விறகுக் கட்டையைக்கூட உடையப்பன் எடுத்துப் போட்டதில்லை. உழைத்தது நானும் என் வீட்டுக்காரர் பிச்சைமுத்துவும். சுற்றியுள்ள துண்டுக்காரர்கள் எல்லாம் எங்களிடம்தான் பால் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

பிச்சைமுத்து லாரி மோதிச் செத்துப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் மூத்தார் சொந்தபந்தத்தை உட்கார வைத்துக் கூட்டம் போட்டுவிட்டார்.

"செம்பனை போடுற தவுக்கே, சீன மொதலாளி ஒருத்தரு, நெலத்த கேக்குறாரு. ஒன் கையெழுத்துதான் பாக்கி. குடுத்துட்டு லகாட்டுக்கு வந்துரு, நவமணி. பின்னால ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்கு. ஒங்க அக்காவுக்கும் முன்ன மாதிரி முடியல. அடுப்படிக்கு ஒரு ஆள் வேணும்."

அடுப்படிக்கு ஆள் வேண்டுமாம்! தம்பி செத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு தன் பெண்டாட்டிக்குச் சட்டி கழுவ ஆள் பிடிக்கிறார். எனக்கு உச்சந்தலை வரை சுறுசுறு என்று ஏறியது.

"நான் கொட்டகைய பாத்துக்கிறேன், மாமா."

"எப்புடி பாப்ப? தீ எரியுற எடம்லா. ராவும் பகலும் காவலுக்கு ஒரு ஆம்பள ஜாகா இருக்கணும். ஒரு ஷீட்டு நழுவி அடுப்புல விழுந்தா மொத்தமும் போச்சு. நீ ஒத்தப் பொம்பள."

அது பொய்யில்லை. காய்ந்த ரப்பர் பற்றிக்கொண்டால் எண்ணெய் மாதிரி எரியும். பிச்சைமுத்து இருந்தவரை ஒருவர் தூங்க, ஒருவர் விழித்திருக்க என்று சமாளித்தோம். ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்று தலையை ஆட்டியபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சரி. என் கையில கொட்டகை தீப்பிடிச்சா அன்னைக்குக் கையெழுத்துப் போடுறேன். அது வரைக்கும் என்னைய கச்சாவ் பண்ணாதீங்க, தொந்தரவு வேணாம்."

கப்பென்று பிடித்துக்கொண்டார். சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். நான் என்ன பைத்தியமா? வாய் வார்த்தை போதும் என்றேன். அவருடைய மைத்துனர் பத்துமலை, வெற்றிலையை மென்றுகொண்டே, "எல்லாரும் கேட்டுக்கிட்டோம்லா" என்று சாட்சி சொன்னார்.

சொல்லிவிட்டேன். அப்புறம் தூக்கம் போயிற்று. வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே செம்மண் சாலை. இரவில் பத்துத் தடவை எழுந்து சாலையைக் கடந்து போய்ப் பார்ப்பேன். பகலில் நின்றபடியே கண் சொக்கும். என்னோடு மிஷின் உருட்ட வரும் மாரியம்மா, "இப்புடியே போனா அந்தாளு தீப்பிடிக்குற வரைக்கும் காத்திருக்க வேணாம்க்கா, நீயே போய்ச் சேந்துருவ" என்று திட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் செபாஸ்டியன் சுங்காய் மாதா கோயிலுக்கு வந்தவன் எங்கள் வீட்டிலும் எட்டிப் பார்த்தான். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவன். இப்போது ஈப்போவில் ஒரு கடையில் வேலை. பெரிய பெரிய தவுக்கே வீடுகளில் திருட்டு மணி மாட்டுகிறான். கதவில் ஒரு சின்னப் பெட்டி, வீட்டுக்குள் ஒரு பெரிய பெட்டி. நடுவில் கம்பியே கிடையாது. கதவு திறந்தால் ரேடியோ மாதிரி காற்றிலேயே சேதி போய்ச் சைரன் அலறும். கம்பியில்லாத மணி இப்போதுதான் வந்திருக்கிறது என்று பெருமையாகச் சொன்னான்.

"திருடனுக்கு மட்டுந்தானா அது கத்தும்?" என்று கேட்டேன்.

"எதுக்கு வேணாலும் கத்த வைக்கலாம்க்கா. ஹுத்தான் மெலிந்தாங்ல மீன் ஐஸ் ரூம்பு ஒண்ணுக்குப் போட்டுக் குடுத்தேன். உள்ள சூடு ஏறினா தவுக்கே வீட்டுல சைரன் அடிக்கும். மீன் கெடாது."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "டேய், எனக்கும் ஒண்ணு வேணும்டா. எனக்கும் சூடு ஏறினா தெரியணும்."

சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சாமான்களோடு வந்துவிட்டான். வீட்டுக்குள் சைரன் வைத்த பெரிய பெட்டி. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் ஒவ்வொரு சின்னப் பெட்டி. கொட்டகைக்குத் தனியாக ஒன்று. கொட்டகைக்குள் கதவுக்கு மேலே இருந்த உத்திரத்தில் குங்குமச் சிமிழ் அளவுக்கு ஒரு தகரச் சிமிழை அறைந்தான். அதன் முகத்தில் நீள நீளமாகக் கீறல்கள். மூடியைத் திறந்து எனக்குக் காட்டினான். உள்ளே இரண்டு மெல்லிய உலோக நாக்குகள், ஒட்டாமல், ஒன்றையொன்று பார்த்தபடி.

"ஷீட்டு காய அறுபது டிகிரி போதும்லா? அதுக்கு மேல ரொம்ப ஏறினா இந்த நாக்கு வளைஞ்சு அந்த நாக்கத் தொடும். தொட்டா போதும். வெளிய செவுத்துல மாட்டியிருக்குற பெட்டி வீட்டுக்குச் சொல்லிரும். லாரி போனாலும் மழை பேஞ்சாலும் அறுந்து போக ஒண்ணும் இல்ல."

"தொடலேன்னா?"

"தொடாம எங்க போவும்? நீ அடுப்பு மூட்டுறதுக்கு முந்தி ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாத்துக்க. கரி போட்ட இஸ்திரிப் பெட்டிய கிட்ட கொண்டு போ. கத்தினா சரி."

கத்தியது. எப்படிக் கத்தியது தெரியுமா! மாரியம்மாவின் கோழிகள் மூலைக்கொன்றாகப் பறந்தன. செம்பனைக் குலை ஏற்றிப் போன லாரிக்காரன் நடுச்சாலையில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடினான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிச்சைமுத்து போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அன்று இரவு கட்டையைப் போல் தூங்கினேன்.

அதன் பிறகு கொட்டகை ஒழுங்காக ஓடியது. ஒரு தடவை விறகு கூடிப்போய்ச் சூடு ஏறிச் சைரன் அடித்தது. ஓடிப் போய்க் கட்டைகளை இழுத்துப் போட்டேன், அடங்கிவிட்டது. சேதி லகாட்டுக்கும் போயிருக்கிறது. தம்பி பெண்டாட்டி ஜாகாவுக்கு ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறாள், ஆம்பளையே வேண்டாம் என்கிறாள் என்று ஊரார் கேலி பேச, மூத்தாருக்கு அது உறுத்தியிருக்கிறது.

ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் ஆயுத பூசை என்றால் சும்மாவா? அடுப்பை அணைத்துச் சாம்பலை வாரி, பால்வெட்டுக் கத்தி, வாளி, பால் பிடிக்கிற மங்கு, ஷீட்டு மிஷின், கோடாரி, பிச்சைமுத்துவின் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்தேன். கல்லில் சந்தனம் அரைத்தேன். பொரியும் கடலையும் தட்டில் போட்டேன். பொட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது வாசலில் கார் வந்து நின்றது. மூத்தார் வேட்டி கட்டிக்கொண்டு இறங்கினார்.

நேராக வந்து என் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். கேட்டு வாங்கவில்லை, பிடுங்கினார்.

"தள்ளி நில்லு. பொட்ட எழந்தவ ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது. தொழில் வெளங்காது."

மாரியம்மா இருந்தாள். பால் ஊற்றுகிறவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். வருஷா வருஷம் அந்த மிஷினுக்குப் பொட்டு வைத்தது நான். அதன் பல்லில் என் விரல் நுனி ஒன்று போயிருக்கிறது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. நல்ல நாளும் அதுவுமாக ஏன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன்.

அவர் பெரிய கையால் சந்தனத்தை அள்ளி அள்ளி அப்பினார். கத்திக்கு, வாளிக்கு, மிஷினுக்கு. கடைசியில் கொட்டகைக்குள் போனவர் உத்திரத்தில் இருந்த சிமிழை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுதான் அந்த ஜாகாவா?" என்று சிரித்தார். "இதுக்கும் வச்சிருவோம். ஆம்பளைக்குப் பதிலா நிக்குறாருல்ல!"

முக்காலியைப் போட்டு ஏறிக் கட்டைவிரல் நிறையச் சந்தனம் எடுத்து அதன் முகத்தில் வைத்து அழுத்தினார். மேலே குங்குமம். அதற்கு மேலே ஒரு சாமந்திச் சரம்.

"மாமா, அதுக்கு மேல வேணாம், பக்கத்துல..." என்றேன்.

"பூசையில பேசாத. மூணு நாளைக்கு யாரும் பொட்டத் தொடக் கூடாது. முக்கியமா நீ."

அவர் போய்விட்டார். மறுநாள் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் இஸ்திரிப் பெட்டியோடு கொட்டகைக்குப் போனேன். மாரியம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "சாமிக்கு வச்சதுக்கா, மூணு நாள் பொறு. நம்மளுக்கு எதுக்கு வம்பு?" என்றாள். சரி, தொலைகிறது என்று விட்டேன். பால் உறைந்து ஷீட்டு ஈரமாகக் காத்துக்கொண்டிருந்தது. அடுப்பை மூட்டினேன்.

அன்றைக்கு மதியம் நல்ல மழை. நானும் மாரியம்மாவும் மிஷின் பந்தலில் உருட்டிக்கொண்டிருந்தோம். வீட்டுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கொட்டகைக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டுதான் இருந்தது. புகைக்கொட்டகையில் புகை வந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? திடீரென்று மாரியம்மா மூக்கைச் சுளித்தாள்.

"அக்கா, என்னா நாத்தம் இது?"

ரப்பர் எரிகிற நாற்றம். வெள்ளையாக வந்த புகை கரேலென்று மாறியிருந்தது. நான் எப்படி ஓடினேன், எந்த வாளியைத் தூக்கினேன், ஒன்றும் நினைவில்லை. கதவைத் திறந்தால் முன்வரிசை ஷீட்டுகள் சொட்டுச் சொட்டாக எரிந்து விழுந்துகொண்டிருந்தன. கால்வாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர், உறைவதற்கு வைத்திருந்த பால் எல்லாவற்றையும் ஊற்றினோம். பக்கத்துத் துண்டுக்காரர்களும் ஓடிவந்து ஊற்றினார்கள். அணைந்தது. இரண்டு வரிசை ஷீட்டும் கொஞ்சம் கூரையும் போயின. கொட்டகை நின்றது. நான் சேற்றில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். லகாட்டில் அந்தப் பின்னறை கண் முன்னால் வந்தது.

சைரன் ஏன் அடிக்கவில்லை?

அழுது முடித்ததும் அந்தக் கேள்விதான் வந்தது. முக்காலியைப் போட்டு ஏறினேன். வாடிக் கருகியிருந்த சாமந்திச் சரத்தை அறுத்து எறிந்தேன். மூடியை நெம்பித் திறந்தேன். கரிந்த ரப்பர் நாற்றம் மூச்சை அடைக்கிற அந்த இடத்தில் கமகமவென்று சந்தன வாசம் வந்தது. கீறல் வழியாக உள்ளே போன சந்தனம் இரண்டு நாக்குக்கும் நடுவில் அடைபட்டுக் காய்ந்து கல்லாகியிருந்தது. நாக்கு வளைந்துதான் இருந்தது. பாவம், தொட முடியவில்லை. மூடியின் மேல் பக்கத்துச் சந்தனத்தில் அச்சு மாதிரி ஒரு கட்டைவிரல் ரேகை.

மாரியம்மா சுரண்டப் போனாள். "தொடாத!" என்று கத்தினேன். மூடியை அப்படியே பழையபடி மாட்டி வைத்தேன்.

யார் சேதி சொன்னார்களோ, மறுநாள் காலையிலேயே மூத்தாரின் கார் வந்துவிட்டது. பத்துமலையும் இருந்தார். மூத்தாரின் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கூரையைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். அந்த உச்சில் எவ்வளவு சந்தோஷம்!

"மிஷின நம்புன. மாத்தி, செத்துப் போச்சு. நான் அன்னைக்கே சொன்னேன், ஆம்பள ஜாகா வேணும்னு. உசுரு பொழச்சதே சாமி புண்ணியம். கையெழுத்தப் போட்டுட்டுப் பெட்டியக் கட்டு."

அவரைக் கொட்டகைக்குள் அழைத்துப் போனேன். பத்துமலையும் மாரியம்மாவும் பால் ஊற்ற வந்தவர்களும் பின்னாலேயே வந்தார்கள். முக்காலியைத் தூக்கி உத்திரத்துக்கு நேரே போட்டேன்.

"ஏறுங்க, மாமா. அந்த மூடிய நீங்களே தொறங்க."

"எதுக்கு?"

"அன்னைக்கு ஏறுனீங்கல்ல, இன்னைக்கும் ஏறுங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஏறினார். திறந்தார். பார்த்தார். வேட்டி நுனியைப் பிடித்தபடி முக்காலியின் மேலேயே நின்றார்.

"என்னா இருக்கு? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. தலைவருல்ல?"

"சந்தனம்," என்றார், முனகலாக.

"யாரு வச்ச சந்தனம்? மேல ரேகை இருக்கு, ஒங்க கட்டவெரல வச்சுப் பாருங்க, பொருந்துதான்னு!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது. "இது சாமிக்கு வச்சது. நீ சாமியவே கொற சொல்றியா?"

"சாமிய ஒண்ணும் சொல்லல. ஒங்க கட்டவெரலத்தான் சொல்றேன். என் கையில கிண்ணம் இருந்திருந்தா ஓரமா ஒரு சொட்டு வச்சிருப்பேன். அதோட வாய் எது, காது எதுன்னு எனக்குத் தெரியும். நீங்க வாயிலயே அள்ளி அடைச்சிட்டுப் போயிட்டீங்க."

இறங்கினார். தரை காலில் பட்ட தைரியத்தில் பழைய குரல் திரும்பியது. "எப்புடியோ, தீ பிடிச்சிருச்சி. அது தீதான். நீ குடுத்த வாக்கு வாக்குதான். பத்துமலை சாட்சி."

பத்துமலை வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "ஆமா... சொன்னுச்சுதான்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையாகவே சொல்லியிருந்தேன். அத்தனை பேர் நடுவில், என் வாயால். அவருடைய வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு, ரூம்புக்குக் கதவு உண்டா இல்லையா என்றுகூடத் தெரியாமல், மிச்ச நாளைக் கழிப்பதா?

"ஆமா, குடுத்தேன்," என்றேன். "இப்ப மாறுறேன்."

"என்னாது?"

"வாக்கு மாறுறேன். கையெழுத்துக் கெடையாது. போய் ஊரு பூரா சொல்லுங்க, நவமணி வாக்கு மாறிட்டான்னு. இந்தக் கொட்டகைக்காக எந்தப் பேரு வந்தாலும் வாங்கிக்கிறேன்."

"பொம்பள பேச்ச நம்பினேன் பாரு!" என்று கத்தினார். "இனிமே நான் இந்த வாசல மிதிக்க மாட்டேன். பூசைக்குக் கூப்புட்டாலும் வர மாட்டேன்!"

"அன்னைக்கு மட்டும் நான் கூப்புட்டேனாக்கும்?"

சொல்லிக்கொண்டே முக்காலியில் ஏறினேன். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் துலக்கியால் சந்தனத்தைத் துகள் துகளாகச் சுரண்டி எடுத்தேன். நாக்கு இரண்டும் பளபளவென்று வெளியே வந்தன. மாரியம்மா சொல்லாமலே இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு ஊதிக் கொண்டுவந்திருந்தாள். சிமிழுக்குக் கிட்டே பிடித்தேன்.

சாலைக்கு அந்தப் பக்கம், என் வீட்டுக்குள்ளிருந்து, சைரன் வானம் கிழிகிற மாதிரி அலறியது. மூத்தார் துள்ளிக் குதித்துக் காலில் கிடந்த வாளியில் இடறினார். சட்டைப் பையிலிருந்த காகிதம் சேற்றில் விழுந்தது. ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அது அலறட்டும் என்று விட்டேன். பூசைத் தட்டு இன்னும் மிஷின் பக்கத்திலேயே இருந்தது. போய்க் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு வந்தேன். மூத்தார் வாயைத் திறந்து ஏதோ சொன்னார், அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவர் கண்ணெதிரே, சிமிழுக்கு ஒரு சாண் தள்ளி, உத்திரக் கட்டையில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன்.

விரலில் இன்னும் மிச்சம் இருந்தது. சேலையில் துடைத்தால் கறை போகாது. நெற்றிதான் பக்கத்தில் இருந்தது.